கனம் குறைந்தால் கௌரவம் குறையுமா?

கடையில் கிடைக்கும் ஒரு பொருளை ஒருவன் தன் கையாலேயே செய்ய முனைந்தால், நம் ஊரில் அவனுக்கு மூன்று பட்டங்கள் உடனே கிடைத்துவிடும். முதலாவது, பைத்தியக்காரன். இரண்டாவது, ஊதாரி. மூன்றாவது, ஆபத்தானவன். அவன் செய்வது ஊறுகாயாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். நாற்காலியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். காராக இருந்துவிட்டாலோ, குடும்பமே கூடி உட்கார்ந்து, "இவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்று தீர்மானம் நிறைவேற்றும்.

இந்த மூன்று பட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் நோக்கம். நான் கார் கட்டியவனல்ல, கதை கட்டுகிறவன். ஆனால் திருட்டு வழக்கில் வாதாடுகிற வக்கீல் தாமும் திருடியிருக்க வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் கேட்பதில்லை.

எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையற்ற, தரையோடு தரையாய் ஓடுகிற ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இரும்புக் குழாய்களை ரம்பத்தால் அறுத்து, பற்றவைத்து, ஒரு கூடு செய்துகொள்கிறார்கள். ஆயுள் முடிந்த ஏதோ ஒரு பழைய காரிலிருந்து இன்ஜினையும் கியர்ப் பெட்டியையும் பின் அச்சையும் கழற்றி அதில் பொருத்துகிறார்கள். மேலே அலுமினியத் தகட்டைப் போர்த்துகிறார்கள். எல்லாம் வீட்டுக் கொட்டகையில், சனி ஞாயிறுகளில் நடக்கிறது. முழுக் காரின் எடையும் ஏறக்குறைய அரை டன். இன்று நம் தெருக்களை அடைத்துக்கொண்டு நிற்கும் 'பெரிய மனிதர்' கார்கள் ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை இருக்கின்றன என்பதை இத்துடன் சேர்த்து வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வாதம் பிறகு அங்கேதான் போய் நிற்கப் போகிறது.

இந்தப் 'பைத்தியத்'தின் தாயகம் இங்கிலாந்து. 1922-இல் ஆஸ்டின் கம்பெனி 'ஆஸ்டின் செவன்' என்று ஒரு குட்டிக் காரை வெளியிட்டது. சாமானியக் குடும்பத்துக்கென்றே செய்த வண்டி. அதன் இன்ஜின் 747 சி.சி.; இன்று நம் தெருவில் மோட்டார் சைக்கிள்களிலேயே 650 சி.சி. இருக்கிறது. 1939 வரை அந்தக் கார் லட்சக்கணக்கில் உற்பத்தியாயிற்று. காலக்கிரமத்தில் அதன் மேல்கூடு துருப்பிடித்து உதிர்ந்தது. அடிச்சட்டமும் இயந்திரமும் உதிரவில்லை. காயலான் கடைகளில் சொற்ப விலைக்கு அவை வந்து குவிந்தன. கையில் காசில்லாத, மனசில் வேகமுள்ள இளைஞர்கள் அவற்றை வாங்கிப் போய்த் தங்கள் இஷ்டப்படி உருமாற்றினார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக 1939-இல் ஒரு சங்கமே பிறந்தது. '750 கிளப்' என்று பெயர். பிறகு '750 மோட்டார் கிளப்' ஆகி, இன்றைக்கும் பந்தயம் நடத்திக்கொண்டிருக்கிறது.

யுத்தம் முடிந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். புதுக் கார்களெல்லாம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. அந்தப் பஞ்சத்தில்தான் கொட்டகைகள் விழித்துக்கொண்டன. 1946-இல் ஜான் கூப்பர் என்பவர், ஃபியட் டோபோலினோ என்ற சின்னக் காரின் முன்பகுதிகள் இரண்டை எடுத்து முதுகோடு முதுகாக ஒட்டி, ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜினை ஆசனத்துக்குப் பின்னால் வைத்து ஒரு பந்தயக் கார் செய்தார். 'குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டியிருக்கிறான்' என்று சிரிக்காதவர்கள் குறைவு. 1959-இலும் 1960-இலும் கூப்பர் கார்கள் உலகப் பந்தயப் பட்டத்தை வென்றன. இன்று உலகப் பந்தயத்தில் ஓடுகிற ஒவ்வொரு காரிலும் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இன்னொருவர் காலின் சாப்மன். லண்டன் சர்வகலாசாலையில் கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பையன். ஒரு பழைய ஆஸ்டின் செவனை வாங்கி, தாம் மணக்கவிருந்த பெண்ணின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் வைத்து 1948-இல் தம் முதல் காரைக் கட்டினார். பெண்ணைப் பெற்றவர்கள் கொட்டகையைக் கொடுத்தார்களே, அதைக் கவனியுங்கள். நம் ஊரில் பெண்ணையும் கொடுத்திருக்க மாட்டார்கள்!

1952-இல் அவர் 'லோட்டஸ்' கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு மூலதனமாக அந்தப் பெண்தான் 25 பவுன் கடன் கொடுத்தாள். 1957-இல் வந்தது 'லோட்டஸ் செவன்'. நான் மேலே வர்ணித்த காரின் மூலவிக்கிரகம் அதுதான். அதை முழுக் காராகவும் வாங்கலாம். பெட்டியில் அடைத்த பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளவும் செய்யலாம். முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு; பாகங்களுக்கு இல்லை. ஆகவே குமாஸ்தாக்களும் வாத்தியார்களும்கூட ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக்கொண்டார்கள். 1973-இல் அந்த வரிமுறை மாறிச் சலுகை போயிற்று. அதே வருஷத்தில் 'கேட்டர்ஹாம்' என்ற கம்பெனி உரிமையை வாங்கிக்கொண்டு, இன்று வரை அந்தக் காரைச் செய்துவருகிறது. நியூஸிலாந்தில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைத் தந்தையோடு சேர்ந்து பிரித்துப் பூட்டிய பையன் ஒருவன் இருந்தான். புரூஸ் மக்லாரன் என்று பெயர். அவன் பெயரில் இன்றும் ஒரு பந்தயக் குழு ஓடுகிறது.

"சரி ஐயா, ஆயிரத்தில் ஒருவன் சாப்மன் ஆனான். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் என்ன ஆனார்கள்?" என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் சாப்மன் ஆகவில்லை. ஆனால், இரும்பு எங்கே வளையும், எங்கே முறியும் என்று தங்கள் விரல்களாலேயே தெரிந்துகொண்டவர்கள் ஆனார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு தேசத்தில் பல்லாயிரம் பேர் இருந்தால் அவர்களுக்கிடையில் ஒரு சாப்மன் முளைப்பான். இல்லாத தேசத்தில் சாப்மன் பிறந்தாலும் ஒரு பாங்கியில் கணக்கெழுதிக்கொண்டு ஓய்வு பெறுவான். பைத்தியம் என்ற பட்டத்துக்கு இதுவே என் பதில்.

இனி, கனத்துக்கு வருகிறேன்.

நம் பாஷையில் 'கனம்' என்றால் எடை. 'கனம்' என்றால் மரியாதையும்கூட. மந்திரியைக் 'கனம்' என்கிறோம். நாலு பேர் மதிக்கிறவரைக் 'கனவான்' என்கிறோம். இந்தச் சிலேடையை நம் மத்தியதர வர்க்கம் நிஜமென்றே நம்பிவிட்டது. கார் எவ்வளவு கனமோ, அதில் உட்கார்ந்திருப்பவரும் அவ்வளவு கனம்! ஒரே ஓர் ஆள் ஆபீசுக்குப் போக இரண்டு டன் இரும்பைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். எழுபது கிலோ மனிதனுக்கு இரண்டாயிரம் கிலோ வாகனம். ஒரு டம்ளர் பாலுக்கு அண்டாவை அடுப்பிலேற்றுகிற கதைதான்.

கணக்கைப் பாருங்கள். முதல் லோட்டஸ் செவனின் இன்ஜின் 1172 சி.சி.; சக்தி ஏறக்குறைய 40 குதிரை. எடையோ அரை டன் அளவு. இதே சுறுசுறுப்பு ஒன்றரை டன் காருக்கு வேண்டுமானால் 120 குதிரை வேண்டும். 120 குதிரைக்குப் பெரிய இன்ஜின். பெரிய இன்ஜினுக்குக் கனத்த சட்டம். கனத்த சட்டத்தை நிறுத்தப் பெரிய பிரேக். எல்லாவற்றையும் சுமக்கப் பெரிய டயர். கடன்காரன் வட்டிக்கு வட்டி கட்டுவதைப் போல, கனம் கனத்தைப் பெற்றுக்கொண்டே போகிறது. பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் வேகம் முழுவதும் சூடாக மாறித்தான் தீர வேண்டும். ஒரே வேகத்தில் போனால், ஒன்றரை டன் வண்டியின் பிரேக் அரை டன் வண்டியைப்போல் மூன்று மடங்கு சூட்டைத் தாங்கியாக வேண்டும். எடையைக் குறைத்தவனுக்கோ வேகம், திருப்பம், நிறுத்தம், பெட்ரோல், டயர் ஆகிய ஐந்திலும் ஒரே சமயத்தில் லாபம். சக்தியைக் கூட்டியவனுக்கு நேர்ச்சாலையில் மட்டும்தான் லாபம்.

எடையைக் குறைப்பதென்றால் கண்ட இடத்தில் ஓட்டை போடுவதல்ல. நாலு குச்சிகளை ஆணியடித்து ஒரு சதுரம் செய்து, ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், கோணிப் போகும். குறுக்கே ஒரு குச்சியை மூலைக்கு மூலை அடியுங்கள், அசையாது. முக்கோணத்தின் மகிமை அது. நல்ல கூட்டில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு காரணம் இருக்கும். காரணமில்லாத குழாயை எடுத்துவிட வேண்டும். காரணமிருந்தும் இல்லாத குழாயைச் சேர்த்துவிட வேண்டும். சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் மெலிந்த கார் பந்தயத்தில் பாதி வழியில் முறியும். சாப்மனின் கார்கள் மீதே அந்தப் புகார் இருந்தது. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வித்தியாசம் குடும்பஸ்தர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கார் முதல் முதலாகக் கிளம்பி ஓடிய அன்றே வேலை முடிந்ததென்று நினைக்கிறவன், முதல் கைப்பிரதியை அப்படியே அச்சுக்கு அனுப்பும் எழுத்தாளனுக்குச் சமானம். உண்மையான வேலை அன்றுதான் ஆரம்பமாகிறது. நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எடைத் தராசுகளை வைத்து, எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று பார்க்கிறான். குறுக்காக எதிரெதிர் சக்கரங்களின் சுமை ஒவ்வாதிருந்தால், வலப்பக்கம் திரும்புகையில் ஒரு குணமும் இடப்பக்கம் திரும்புகையில் இன்னொரு குணமும் கார் காட்டும். ஸ்பிரிங்கின் உயரத்தைத் திருகித் திருகிச் சரி செய்கிறான். சக்கரங்கள் நேராக நோக்குகின்றனவா என்று காரின் இரு பக்கமும் கயிறு கட்டி அளக்கிறான். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிற அதே வித்தை.

பிறகு மேடுபள்ளத்தில் ஓட்டிப் பார்க்கிறான். ஸ்டியரிங்கை அசைக்காமலே கார் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. ஏன்? சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது, அதைத் தாங்கும் கரம் ஒரு வட்டத்தில் ஆடுகிறது. ஸ்டியரிங் தண்டு வேறொரு வட்டத்தில் ஆடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. ஸ்டியரிங் பெட்டிக்கு அடியில் மெல்லிய தகடுகளை வைத்து, சில மில்லிமீட்டர் உயர்த்தியோ தாழ்த்தியோ அந்தப் பிணக்கைத் தீர்க்க வேண்டும். இதற்குள் ஒரு மாதம் போயிருக்கும். "ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால்தான் பந்தயக் கார்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கெட்டியான ஸ்பிரிங் போட்டிருந்தால், எடை குறைந்த கார் சாலையைப் பிடிக்காமல் தவளைபோல் குதிக்கும். கழற்றி இளக்கமானதைப் போட இன்னொரு மாதம்.

சாப்மன் இந்தத் திருத்தத்தை எதுவரைக்கும் கொண்டுபோனார் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். ஆஸ்டின் செவன் இன்ஜினில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இரண்டு நுழைவாயில்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வாசலில் முட்டிமோதிக்கொண்டு காற்றையும் பெட்ரோலையும் குடித்தன. 1951-இல் தாம் கட்டிய பந்தயக் காரில், சாப்மன் அந்த வாசலுக்கு நடுவே ஒரு தடுப்பை நுழைத்து, ஆளுக்கொரு பாதை வகுத்துவிட்டார். கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை! சக்தி கூடிற்று, மற்றவர்கள் புழுதியைத்தான் பார்த்தார்கள். கடைசியில் அந்தத் தந்திரம் செல்லாதென்று பந்தய விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வாங்கிய சாமான் அல்ல அது. ஒரு தடுப்பும் ஒரு மூளையும்தான்.

இப்போது 'ஊதாரி' என்ற பட்டம். 1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். 250 பவுனில் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றும், சதுர இரும்புக் குழாய்களும், பற்றவைக்கும் கருவியும் போதும் என்பது அவர் கட்சி. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உலகமெங்கும் மக்கள் கார் கட்டினார்கள். '750 மோட்டார் கிளப்' அந்தக் கார்களுக்கென்றே தனிப் பந்தயம் வைத்தது. 250 பவுனில் முடித்தவர்கள் சொற்பம் என்பது எனக்கும் தெரியும். டயரும் பெயின்டும் யாரையும் விட்டுவைப்பதில்லை. இருக்கட்டுமே! ஐந்து வருஷத் தவணையில் கார் வாங்கி, ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே அதன் மதிப்பில் ஒரு பகுதியைத் தெருவில் உதிர்த்துவிட்டு வருகிற கனவான், கொட்டகைக்காரனைப் பார்த்து 'ஊதாரி' என்பதுதான் வேடிக்கை. இவன் செலவழித்த பணத்துக்கு ஒரு காரும் ஒரு தொழிலும் மிஞ்சின. அவருக்கு மிஞ்சியது ரசீது.

மூன்றாவது பட்டம், 'ஆபத்தானவன்'. இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். அரை டன் காரும் பத்து டன் லாரியும் மோதினால் யாருக்குச் சேதம் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம். மோசமாகப் பற்றவைத்த ஒரு மூட்டு, ஓட்டுகிறவனை மட்டுமல்ல, ரோட்டோரத்தில் நடந்து போகிற ஒரு குழந்தையையும் கொல்லும். ஆகவே பரிசோதனை வேண்டும். கறாரான பரிசோதனை வேண்டும்.

இங்கிலாந்தில் அதைத்தான் செய்தார்கள். தனி ஒருவன் கட்டிய ஒற்றைக் காரைப் பரிசோதித்து அங்கீகரிக்க 1998-இல் ஒரு முறை வகுத்தார்கள். 2009-இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். கொட்டகையில் கட்டியவன் தன் காரைப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, இருக்கைப் பட்டையின் பிடிமானம், புகை, சத்தம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். வெளியில் கைபடக்கூடிய விளிம்புகள் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாத வளைவோடு மழுங்கியிருக்க வேண்டும் என்கிற அளவுக்குப் பார்க்கிறார்கள். தேறாவிட்டால் எது தவறென்று எழுதிக் கொடுத்து, 'திருத்திக்கொண்டு வா' என்கிறார்கள். திருத்திக்கொண்டு வருகிறான். நம்பர் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில்? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாதென்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம்; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. புது வண்டி என்றால் அதன் மாதிரியைப் புனாவில் உள்ளது போன்ற பெரிய பரிசோதனை நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். ஆயிரக்கணக்கில் கார் செய்து தள்ளுகிற தொழிற்சாலையை மனசில் வைத்து எழுதிய விதி அது. தனக்கென்று ஒரே ஒரு காரைக் கட்டுகிறவனுக்கு அதில் தனி வழி கிடையாது.

நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. காதைக் கிழிக்கிற சைலன்ஸரும், கண்ணைப் பறிக்கிற விளக்கும், வண்டிக்கு வெளியே அரை முழம் நீளும் டயருமாகத் திரிகிற சூரர்களைப் பார்க்கையில், 52-ஆம் பிரிவை நானே எழுதியிருப்பேன் என்று தோன்றுகிறது. ஆனால் அலங்காரத்துக்காகக் கெடுக்கிறவனுக்கும் அளந்து கட்டுகிறவனுக்கும் ஒரே பூட்டைப் போடுவது என்ன நியாயம்? பரீட்சையில் பெயிலாக்குங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? பரீட்சையே எழுதக்கூடாதென்றால்தான் கேட்கிறேன்.

நமக்குத் திறமை இல்லாமலா போய்விட்டது? சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், பல வருஷங்கள் பந்தயம் நடந்த ஊர் நம்முடையது. கோயம்புத்தூரில் கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். குடும்பத்து மில்லைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவரோ மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைக் கட்டினார். அந்தக் கார்களில் ஒரு தலைமுறை இளைஞர்கள் பந்தயம் பழகினார்கள். 1995-இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்த பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அங்கே பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவந்து போட்டியிடுகிறார்கள். குழாயை வெட்டுகிறார்கள், எடையைக் குறைக்கிறார்கள், ராத்திரி முழுவதும் விழித்துத் திருத்துகிறார்கள். போட்டி முடிந்ததும் அந்தக் கார் ரோட்டில் ஓட முடியாது. கல்லூரி ஷெட்டின் மூலையில் தூசி படிந்து நிற்கிறது. கட்டிய பிள்ளையோ, படிப்பு முடிந்ததும் நாற்காலியும் கம்ப்யூட்டரும் உள்ள உத்தியோகத்தைத் தேடிக்கொண்டு போகிறான். போகாவிட்டால் வீட்டில் விடமாட்டார்கள்.

என் கோபம் சட்டத்தின் மீது பாதிதான். மறு பாதி நம் வீடுகளின் மீது. சென்னையைச் சுற்றிலும் கார் தொழிற்சாலைகள். வீட்டுக்கு வீடு எஞ்சினீயர். அவர்களில் எத்தனை பேர் ஓர் அரத்தைப் பிடித்து ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக ராவியிருக்கிறார்கள்? கையில் கிரீஸ் பட்டால் ஜாதி போய்விடும் என்று இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அதற்கெல்லாம் ஆள் இருக்கிறான்' என்று சொல்கிறோம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. வருஷத்தில் ஒரு நாள் ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மற்ற நாளெல்லாம் அந்த ஸ்பேனரைப் பிடித்தவனை வாசலுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசுகிறோம். மெக்கானிக்கை 'டேய்' என்று கூப்பிட்டுவிட்டு, அவன் ரிப்பேர் செய்த காரை 'சார், பிரமாதமான வண்டி' என்கிறோம்.

நான் கேட்பவை இரண்டுதான். சர்க்காரைக் கேட்பது: ஒற்றைக் கார் கட்டுகிறவனுக்கு ஒரு பரீட்சை வையுங்கள். ஒரகடத்தில் பெரிய பரிசோதனை நிலையம் கட்டி வைத்திருக்கிறீர்கள். அங்கே மாதத்தில் ஒரு நாளை அவனுக்கு ஒதுக்குங்கள். அவனால் தாங்கக்கூடிய கட்டணம் வையுங்கள். பிரேக் பிடிக்காவிட்டால் ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்புங்கள். பிடித்தால் நம்பர் கொடுங்கள்.

பெற்றோரைக் கேட்பது இன்னும் சுலபம். உங்கள் பையனோ பெண்ணோ காயலான் கடையிலிருந்து ஒரு துருப்பிடித்த இன்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால், கல்யாணத் தரகருக்குச் சொல்லியனுப்பாதீர்கள். கொட்டகைச் சாவியைக் கொடுங்கள். பழைய பேப்பரையும் உடைந்த கட்டிலையும் அங்கிருந்து அப்புறப்படுத்துவதற்கும் கொஞ்சம் கூடமாட ஒத்தாசை செய்யுங்கள்.